காட்டேரி டாக்டரும் இரண்டு கோடும்

சங்ககிரியில் உடம்பில் ரத்தம் ஓடுகிற யாரும் காட்டேரி டாக்டரிடமிருந்து தப்பியதில்லை. தலைவலி என்று போனாலும் ரத்தம் எடுப்பார். லாரிக் கதவில் விரல் நசுங்கிப் போனால், நசுங்காத விரலிலிருந்து எடுப்பார். துணைக்கு யாரையாவது அழைத்துப் போனால் அவருக்கும் சேர்த்து ஒரு குத்து. பெயர்ப்பலகையில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் லாரி டிரைவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது.

அவர் தேடியதெல்லாம் காமாலைக் கிருமி. பி, சி என்று இரண்டு வகை, ரத்தத்தில் குடியிருப்பவை. "கண்ணு மஞ்சளாகட்டும்னு காத்துக்கிட்டிருந்தா ஈரல் வீணாப் போயிருமுங்க. சத்தமில்லாம குடித்தனம் பண்ற கிருமி அது" என்பார். மற்ற டாக்டர்கள் பெருவிரலால் நம் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் முழுப் பரிசோதனை.

நான் அப்போது மருந்து ரெப். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே டை கட்டிக்கொண்டு வெயிலில் வெந்தபடி, ஈரலுக்கான டானிக் விற்றேன். அது என்ன செய்யும் என்று எனக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. ஈரலுக்காவது தெரிந்திருக்கும் என்று நம்பினோம். முதல் நாள் காட்டேரியின் முன்னால் பையைத் திறந்தேன்.

"டானிக் கெடக்கட்டும். கையை நீட்டுங்க."

"சார், நான் ரெப்புங்க."

"ரெப்புக்கு ஈரல் இல்லீங்களா?"

நர்ஸ் அக்கா ஊசியை எடுத்தது வரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது வெளி பெஞ்சில் கிடந்தேன். ஒரு டிரைவர் என் டானிக் விளம்பர அட்டையால் எனக்கே விசிறிக்கொண்டிருந்தார். அந்த அட்டையால் ஒரு மனிதனுக்கு நன்மை விளைந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஒரு நாள், திருச்செங்கோட்டு ஓட்டல் ஒன்றில் எங்கள் கம்பெனி செலவில் டாக்டர்கள் கூட்டம். மேடையில் காமாலை பற்றிய சொற்பொழிவு, பின்வரிசைக்குப் பின்னால் சில்லி சிக்கன். மருத்துவ உலகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. காட்டேரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார்.

"ஊரு ரத்தம் இருக்கட்டுமுங்க. இங்க எத்தனை பேரு சொந்த ரத்தத்தப் பாத்திருக்கீங்க? கையைத் தூக்குங்க."

ஒரே ஒரு கைதான் எழுந்தது. பிரசவ டாக்டரம்மாவின் கை. மற்ற கைகளில் சிக்கன் இருந்தது.

"மாசமான புள்ளைங்க எல்லாத்துக்கும் பாக்கறேன், எனக்குப் பாக்காம இருப்பனுங்களா?" என்ற டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது சரி, உங்க கை ஏனுங்க கீழயே இருக்குது?"

ஊர் ரத்தத்தையெல்லாம் உறிஞ்சியவர், டம்ளர் தண்ணீரை உறிஞ்சியபடி உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது என் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார். "கண்ணாடி ஊசியக் கொதிக்க வெச்சுப் போட்ட காலத்துல எத்தனையோ தடவை என் கையிலயே குத்தியிருக்குதுங்க. பாத்து, இருக்குதுன்னு வந்துட்டா? காமாலைக்கார டாக்டருகிட்ட எவன் சாமி வருவான்?"

ரகசியம் காப்பதில் நான் கெட்டிக்காரன். நர்ஸ் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன்.

மறுநாள் முதல் அக்கா பரிசோதனை அட்டையும் ஊசியுமாக அவரைத் துரத்தினார். அவரோ, தான் இத்தனை காலம் கேட்டுச் சிரித்த சாக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க." "இப்பத்தான் சாப்பிட்டேன்." "கையி லேசா வலிக்குதுங்க." ஒருநாள் காலை இதைப் பெஞ்சிலிருந்த டிரைவர் ஒருவர் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க டாக்டரே, நீங்களே பயந்தா நாங்க எதுக்குங்க கையை நீட்டோணும்?"

டிரைவர் எழுந்தார். அவர் எழுந்ததும் பெஞ்சே எழுந்தது.

"உக்காருங்க சாமி, உக்காருங்க" என்று ஓடி வந்த டாக்டர், விரலை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. ஒரு கோடு மட்டும் வந்தால் கிருமி இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கோடு தெரிந்தது. பிறகு, அதன் பக்கத்திலேயே மங்கலாக இன்னொன்று.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு கோடுங்க! நல்ல சேதிதானுங்களே?"

பாவம், போன மாதம்தான் அவர் மனைவி அப்படியோர் அட்டையைக் காட்டி அவரை மகிழ்வித்திருந்தாள்.

நர்ஸ் அக்கா அட்டையை வெள்ளைக் கோட்டின் பையில் ஒளிக்கப் போனார். டாக்டர் அதை வாங்கி எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தார்.

"எனக்கு பி வகை இருக்குதுங்க. ரத்தத்துல ஒட்டும், புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒட்டும், தாய்கிட்டருந்து புள்ளைக்கு ஒட்டும். தொட்டா ஒட்டாது, ஒண்ணா உக்காந்து சோறு தின்னா ஒட்டாது. சேலம் போயி மத்த டெஸ்டெல்லாம் பாத்துட்டு, மாத்திரை முழுங்கச் சொன்னா முழுங்கறேன். இப்ப என் கண்ணு மஞ்சளா இருக்குதுங்களா? நல்லாப் பாருங்க!"

தன் கீழ் இமையைத் தானே இழுத்துக் காட்டினார். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது.

பெஞ்ச் பழையபடி நிரம்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த டிரைவர்தான் முதலில் வந்தார், மனைவியையும் அழைத்துக்கொண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது, கோடு விழுந்த மறுநாள் காலையைப் பற்றி.

அன்று எனக்கு அந்தப் பக்கம் வேலையே கிடையாது. ராசிபுரம் போயிருக்க வேண்டியவன், எப்படியோ சங்ககிரியில் நின்றேன். பெஞ்சில் ஒருவரும் இல்லை. உள்ளே டாக்டர், சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, விக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. காய்ச்சல்."

"எப்பருந்துங்க?"

"இப்பத்தானுங்க, வாசல்ல செருப்பைக் கழட்டறப்ப."

அவர் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். காய்ச்சல் இல்லை என்பது தொட்ட மாத்திரத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நெடுநேரம் விடவில்லை. நானும் கையை எடுத்துக்கொள்ளவில்லை.