முதற்பிரதிக்கு வந்த என்வலப்

எமில் ஐயா காத்தமுத்துவுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது இருபத்துநாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். கிணற்றுக்குள் இறங்கிய கூலி. வெட்டவோ தூர் வாரவோ இறங்கவில்லை. அளவு நாடாவின் நுனியைப் பிடிக்க, பாசியைச் சுரண்டிக் கல்லில் பொறித்திருந்த வருடத்தைத் தேட, ஐயா மேலே நின்று படமெடுக்கும்போது டோர்ச் அடிக்க.

எமில் ஐயா காணிக் கந்தோரில் நில அளவைப் படம் கீறி ஓய்வுபெற்றவர். பென்சன் எடுத்தவர்கள் கோழி வளர்ப்பார்கள், கோயில் கமிற்றியில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். இவருக்குக் கிணற்றுப் பைத்தியம் பிடித்தது. மன்னார்த் தீவில் எந்தக் கிணறு நல்ல தண்ணி, எது உவர், எதை ஆர் கட்டியது, எதற்குள் ஆருடைய வெண்கலக் குடம் கிடக்கிறது என்று ஒன்றும் விடாமல் எழுதிப் புத்தகமாக்கினார்.

"நூற்றுப்பன்னிரண்டு கிணறு, காத்தமுத்து. கிணத்துக்கு ஒரு வீடு எண்டு பார்த்தாலும் நூற்றுப்பன்னிரண்டு புத்தகம் விக்கும்."

"என் கூலி எப்பங்க ஐயா?"

"புத்தகம் வரட்டும். மேடையில வச்சே உன்ர கணக்கை முடிக்கிறன்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டே மாரி போய்க் கோடை வந்துவிட்டது. கோடைதான் கிணறு இறைக்கிற காலம். ஆனால் காத்தமுத்துவின் தண்ணி இறைக்கிற மெசின் மன்னார் பசாரில் வஸீர் முதலாளியின் கடையில் கிடந்தது. திருத்தி முடிந்து, துடைத்து, பில்லும் கட்டித் தொங்கவிட்டாயிற்று. இருபத்துமூவாயிரம்.

"திங்கட்கிழமை வரைக்கும் பாப்பன்," என்று வஸீர் முதலாளி சொல்லிவிட்டார். "அதுக்குப் பிறகு பெரியமடுவில ஒருத்தர் கேக்கிறார், குடுத்திருவன். குறை நினைக்காத."

புத்தக வெளியீடு ஞாயிற்றுக்கிழமை. மகளின் கலியாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு காத்தமுத்து உயிலங்குளத்தில் பஸ் ஏறினான்.

மண்டப வாசலில் கட்டியிருந்த வாழையை இரண்டு கழுதைகள் தின்றுகொண்டிருந்தன. சந்தனம், கற்கண்டு, நிகழ்ச்சிநிரல் எல்லாம் கொடுத்து அவனை உள்ளே விட்டார்கள். கடைசி வரிசையில், மின்விசிறி சுற்றாத இடத்தில், ஒரு கதிரை கிடைத்தது.

ஐம்பது வயதுக்குப் பிறகு இரவுப் பள்ளியில் எழுத்துப் படித்தவன் அவன். வாசிப்பு, ஆழக் கிணற்றில் ஒற்றை ஆளாகத் தண்ணி அள்ளுகிற வேகத்தில்தான் வரும். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை முடிவதற்குள் நிகழ்ச்சிநிரலின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டான். அங்கே 'சிறப்புப் பிரதி பெறுவோர்' என்று ஒரு நீளப் பட்டியல். அதன் அடியில், 'திரு. சி. காத்தமுத்து.'

திரு! மூன்று தடவை விரலை வைத்துப் பார்த்தான். விரலை எடுத்தாலும் அது அங்கேதான் இருந்தது. ஐயா சொன்ன சொல் தவறவில்லை. மேடையில் வைத்தே கணக்கு முடியப்போகிறது.

ஆய்வுரை செய்ய வந்தவர், நூலை இன்னும் முழுதாக வாசிக்கக் கிடைக்கவில்லை என்று தொடங்கி, கிணற்றை விட்டுக் கடலுக்குப் போய், கடலை விட்டு முத்துக்குளிப்புக்குப் போய், திரும்பி வரத் தெரியாமல் அரைமணி நேரம் நின்றார். பிறகு அறிவிப்பாளர் குரலை உயர்த்தினார்.

"இப்போது முதற்பிரதி! பெற்றுக்கொள்பவர் தொழிலதிபர் வஸீர் அவர்கள்! என்வலப்பில் எவ்வளவு என்று நான் சொல்லக்கூடாது. இருந்தாலும் இருபத்தையாயிரம் என்று காதில் விழுந்தது!"

கைதட்டல். காத்தமுத்து எட்டிப் பார்த்தான். எமில் ஐயாவும் வஸீர் முதலாளியும் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தடித்த என்வலப் ஒன்றையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். படம் எடுத்து முடியும்வரை இருவரும் அப்படியே சிரித்துக்கொண்டு நின்றார்கள். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் ஆர் கொடுக்கிறார், ஆர் வாங்குகிறார் என்று தெரியாது.

'அட, முதலாளிக்கும் ஐயா கடனா!' என்று காத்தமுத்து நினைத்தான்.

அடுத்து ஒரு டாக்குத்தர் ஏறினார். அதே புத்தகம், அதே என்வலப் பிடி, அதே சிரிப்பு. பிறகு அதிபர், மீன் முதலாளி, நொத்தாரிசு என்று வரிசை நீண்டது. காத்தமுத்துவுக்கு ஐயா மேல் இரக்கமே வந்துவிட்டது. ஊர் முழுக்க அல்லவா கை நீட்டியிருக்கிறார். இன்றைக்கு எல்லாரையும் கூப்பிட்டு, மானமாக, மைக் வைத்துத் தீர்க்கிறார்.

பக்கத்துக் கதிரையில் இருந்தவள் பேசாலை லூர்தம்மா. அவள் வீட்டுக் கிணறு அறுபத்தோராம் பக்கத்தில் இருந்தது.

"உங்க பேரும் இருக்குங்களா?"

"ஓம், இருக்கு. கூப்பிட்டாப் போகத்தானே வேணும்."

"உங்களுக்கு எவ்வளவுங்க?"

"ஐந்நூறு. அதுக்கு மேல என்னால ஏலாது."

"ஐந்நூறுக்கா மேடை வரைக்கும் கூப்புடுறாங்க?"

லூர்தம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள் எவ்வளவு எண்டு பாப்பம்."

"இருபத்துநாலாயிரத்து ஐந்நூறுங்க."

"அம்மாடி!" என்று அவள் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளி, மரியாதையாக இடம் விட்டாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். காத்தமுத்து ஏறினான். பிரதம விருந்தினர் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, நீட்டிய கையை எடுக்காமல் நின்றார். காத்தமுத்து அந்தக் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினான். விருந்தினர் மறுபடியும் நீட்டினார். மறுபடியும் குலுக்கினான். எமில் ஐயாவோ அந்த நேரம் பின்வரிசையில் இருந்த சுவாமியாருக்குப் பொன்னாடை தேடிக்கொண்டிருந்தார். மேசையில் பித்தளைத் தட்டம். அதில் என்வலப் குவியல். உச்சியில், எல்லாருக்கும் தெரியவேண்டும் என்று நிமிர்த்தி வைத்த தடித்த என்வலப். தன் கணக்குக்கு ஏற்ற கனம் அதற்குத்தான் இருக்கிறது என்று கண்ட காத்தமுத்து, அதை எடுத்து, கமராவைப் பார்த்துச் சிரித்து, கும்பிட்டு, இறங்கி வந்துவிட்டான்.

கதிரையில் இருந்து என்வலப்பின் முன்பக்கத்தை வாசித்தான். வ... ஸீ... ர்.

"பேர் மாத்திக் குடுத்துட்டாங்க போல," என்று லூர்தம்மாவிடம் காட்டினான்.

அவள் வாயில் கையை வைத்தாள். "மாதாவே! இது முதற்பிரதிக் காசல்லோ! நாங்கள் காசைக் குடுத்துத்தான் புத்தகம் வாங்கிறது. நீங்கள் தட்டத்தில இருந்து எடுத்துக்கொண்டோ வந்தனீங்கள்?"

"எல்லாரும் வாங்குனாங்களே!"

"வாங்கேல்லை, குடுத்தவை!"

காத்தமுத்துவுக்கு இடி விழுந்தது போல் இருந்தது. கூலி கேட்க வந்தவன், நிறைந்த சபையில், படமும் பிடிக்கவைத்து, திருடியிருக்கிறான். இனி எந்த வீட்டுக் கிணற்றடிக்கு அவனைக் கூப்பிடுவார்கள்?

வரிசை இன்னும் முடியவில்லை. ஓடிப்போய் அதன் வாலில் நின்றான். முறை வந்ததும் என்வலப்பைத் தட்டத்தில் வைக்கக் குனிந்தான். அதற்குள் அறிவிப்பாளர் கண்டுவிட்டார். "ஆகா! நமது காத்தமுத்து அவர்கள் இரண்டாவது பிரதியும் வாங்க வந்திருக்கிறார்! இதுவல்லவா வாசிப்புப் பசி!"

சபை தட்டியது. படம் பிடிப்பவன், "அண்ணை, ரெண்டு கையாலயும் பிடியுங்கோ," என்றான். இரண்டு கையாலும் பிடிக்க, என்வலப் கக்கத்துக்குள் போனது. அடுத்த ஆள் பின்னால் இடித்தார். இறங்கி வந்தபோது கையில் இரண்டு புத்தகம் இருந்தது; என்வலப் இன்னும் கக்கத்தில் இருந்தது.

இனிச் சொந்தக்காரரிடமே கொடுப்பதுதான் வழி. குனிந்து குனிந்து முன்வரிசைக்குப் போய் வஸீர் முதலாளியின் காலடியில் குந்தினான்.

"முதலாளி, உங்க என்வலப்பு. தெரியாம எடுத்துட்டேங்க."

முதலாளி சுடுதண்ணி பட்டவர்போல் காலை இழுத்தார். "எனக்கென்னத்துக்கு? நான் குடுத்தாச்சு. கொண்டு போ, கொண்டு போ!"

"கோவமா முதலாளி?"

"கோவமில்ல. போப்பா, ஆக்கள் பாக்கிறாங்க!"

ஆட்கள் உண்மையிலேயே பார்த்தார்கள். முதலாளி வாங்க மறுக்கிறார் என்றால், காசைக் குறைத்துவிட்டான் என்று அல்லவா நினைப்பார்கள்? காத்தமுத்து எழுந்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்:

"நான் ஒரு சதம் தொடலிங்க! இந்தா, சபைக்கு முன்னாலயே தொறக்குறேன். எண்ணிப் பாத்துக்கங்க!"

நகத்தை என்வலப்பின் வாயில் வைத்தான்.

"திறக்கவேண்டாம்!"

மைக்கில் வந்த சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. எமில் ஐயா அறிவிப்பாளரிடமிருந்து மைக்கைப் பறித்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை. சபை அவரைப் பார்த்தது. அவர் ஒருமுறை விழுங்கினார், பிறகு சிரித்தார்.

"அதாவது... திறக்கத் தேவையில்லை. அது காத்தமுத்துவின்ர காசு! நூற்றுப்பன்னிரண்டு கிணத்துக்குள்ளயும் எனக்காக இறங்கின மனிசன். முதற்பிரதிக் காசு அவருக்குத்தான் போகவேணும் எண்டு நானும் வஸீரும் முதலே கதைச்சு வச்சனாங்கள். கூலி இருபத்துநாலாயிரத்து ஐந்நூறு. மிச்ச ஐந்நூறு தேத்தண்ணிக்கு. எங்கட கணக்கு முடிஞ்சுது, என்ன காத்தமுத்து?"

மண்டபம் எழுந்து தட்டியது. அந்தப் பின்னேரத்தில் மனசாரத் தட்டிய முதல் தட்டு அதுதான். லூர்தம்மா கண்ணைத் துடைத்தாள். வஸீர் முதலாளியும் தட்டினார். போன உயிர் திரும்பி வந்தவர்போல, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

காத்தமுத்து தன்னையே நொந்துகொண்டான். இவ்வளவு நல்ல மனிதர்களைப் பற்றி, கூலி தராதவர், மெசினை விற்கப் பார்க்கிறவர் என்றெல்லாம் பஸ்ஸில் வரும்போது நினைத்துவிட்டானே! கடனை வைத்துக்கொண்டு இனி ஒரு நிமிடமும் இருக்கக்கூடாது.

"அப்ப இது என் காசுதானுங்களே?"

"உன்ர காசுதான்," என்றார் எமில் ஐயா, மைக்கில்.

"அப்படின்னா, முதலாளி," என்று இரண்டு கையாலும் என்வலப்பை வஸீர் முதலாளியிடம் நீட்டினான். "மெசின் திருத்துன காசு இருபத்துமூவாயிரம். ஒட்டுன மாதிரியே இருக்கு, உங்க கையால ஒட்டுனது. இதை எடுத்துக்கங்க. மிச்சம் ரெண்டாயிரம் நாளைக்குக் கடையில வந்து வாங்கிக்கிறேன்."

முதலாளியின் தட்டிய கைகள் தட்டிய இடத்திலேயே நின்றுவிட்டன.

"எ... என்னத்துக்கு இப்ப அவசரம்?"

"திங்கட்கிழமைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பார்த்தீர்களா நேர்மையை!" என்று அறிவிப்பாளர் மைக்கை மீட்டுக்கொண்டார். "பெற்ற இடத்திலேயே கடனைத் தீர்க்கிறார்! வஸீர் அவர்களே, வாங்கிக்கொள்ளுங்கள்! படம் எடுக்கட்டும்!"

வஸீர் முதலாளி மேடையைப் பார்த்தார். மேடையில் எமில் ஐயா ஏற்புரைத் தாளில் முகத்தைப் புதைத்திருந்தார். முதலாளி இரண்டு விரலால், எலிவாலைப் பிடிப்பதுபோல, என்வலப்பை வாங்கினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். இந்தமுறை ஆர் கொடுக்கிறார், ஆர் வாங்குகிறார் என்பதில் காத்தமுத்துவுக்குச் சந்தேகமே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது புத்தகத்தைப் புரட்டினான். நாற்பதாம் பக்கத்தில் அவன் இருந்தான். கிணற்றுக்குள் ஒரு தலைப்பாகை மட்டும். கீழே, 'ஆழத்தைக் காட்டும் தோற்றம்' என்று போட்டிருந்தது. பரவாயில்லை, தலைப்பாகை அவனுடையதுதான்.

திங்கள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றான். வஸீர் முதலாளி இரவு நித்திரை கொண்டவர்போல் தெரியவில்லை. மெசினில் தொங்கிய பில்லை எடுத்து நாலாகக் கிழித்தார். மெசினை ஓட்டோவில் ஏற்றச் சொன்னார்.

"கணக்கு முடிஞ்சுதுங்களா முதலாளி?"

"முடிஞ்சுது," என்றார் முதலாளி. சொல்லும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

காத்தமுத்து போகாமல் நின்றான். தலையைச் சொறிந்தான்.

"அந்த மிச்சம்..."

முதலாளி அவனைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். தெருவில், நேற்று மண்டபத்தில் தட்டியவர்களில் இரண்டு பேர் நின்று, இந்தக் கடையைக் காட்டி ஏதோ புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பெருமூச்சு விட்டு, "ஹிதாயா, லாச்சியில இருந்து ரெண்டாயிரம் எடு," என்றார்.

கல்லாவில் இருந்த அவர் மனைவி ஹிதாயா நிமிர்ந்தாள். "ரெண்டாயிரமா? என்னத்துக்கு?"

"நேத்து முதற்பிரதிக்குக் குடுத்த என்வலப்ப மெசின் காசுக்கெண்டு இவர் என்னட்டத் தந்தார்," என்று முதலாளி பல்லுக்குள் முணுமுணுத்தார். "இருபத்தையாயிரத்தில மிச்சம். சத்தம் போடாம எடு."

ஹிதாயா லாச்சியை இழுத்தாள். இழுத்த கை அப்படியே நின்றது.

"உங்களுக்கென்ன விசரா? 'சும்மா மேடையில நீட்டுங்கோ, பாக்கிறவங்க கூடப் போடுவாங்க' எண்டு எமில் ஐயா போன வருசக் கலண்டரை மடிச்சு ஒட்டிக் கொண்டுவந்து தந்த என்வலப்புக்கு, நீங்க மிச்சக் காசும் குடுக்கப் போறீங்களா?"