சீமைத் துணிக்காக ஒரு ஜெபம்

தூத்துக்குடி
25-8-1949

கர்த்தருக்குள் பிரியமும் மரியாதையும் உள்ள அத்தான் தனராஜ் அவர்களுக்கு, மைத்துனன் ஜேசுபாதம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் வீட்டுக்காரி ஜெபசெல்வியும் தேவகிருபையால் சுகம். அவ்விடத்துச் சுகத்தைப் பற்றித் தங்கள் கடிதத்திலேயே இரண்டு பக்கம் இருந்ததால் தனியாகக் கேட்கவில்லை.

"மில் வேலை போனால் போகட்டும், புதுச் சரக்கு வருகிறது, சாத்தான்குளத்துக்கு வந்து நம் கடையில் துணி விரித்துக் காட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு வருஷம் ரிங் இலாகாவில் நூல் நூற்றவன் நான். அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவேன். அந்தக் கையால் சீமைத் துணியை உதறி, "பாருங்க அண்ணாச்சி, சாயம் போகாது" என்று பல்லைக் காட்ட வேண்டுமாக்கும்! என் வேலையைத் தின்றதே அந்தத் துணிதான். நான் வரமாட்டேன். சர்க்கார் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இப்போது நம்முடைய சர்க்கார்.

அந்தச் சர்க்காரின் லட்சணத்தைக் கேளுங்கள். கப்பலில் சீமைத் துணி வருகிறது என்று போன மாதம் தந்தி வந்த அன்றே எங்கள் முதலாளி இரண்டாம் ஷிப்டை நிறுத்திவிட்டார். இப்படி வேலை போனவர்களுக்குச் சகாயம் கொடுக்க ஒரு ஆபீஸ் திறந்தார்கள். சகாயம்கூடப் பெரிதில்லை, அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவனைத்தான் ஷிப்டு மறுபடி ஓடும்போது முதலில் கூப்பிடுவார்கள். எனக்கு என் மெஷின் வேண்டும், அத்தான். அதன் இரைச்சல் இல்லாமல் ஒரு மாதமாகத் தூக்கமே வரவில்லை. போனேன். குமாஸ்தா வன்னியபெருமாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "எந்தத் துணியால வே வேலை போச்சு?" என்றார். சொன்னேன். "அது கரையில எறங்கிட்டுதா?" "இல்ல சார், கப்பல் வெளியில நிக்கி." "அப்போ துணி இன்னும் வரலை. வராத துணியால ஒமக்கு எப்பிடி வே வேலை போகும்? எறங்கினதுக்குச் சர்டிபிகேட்டு கொண்டாரும்" என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

நம் துறைமுகம் உங்களுக்குத் தெரியாததா? ஆழம் போதாதென்று கப்பல் ஐந்தாறு மைல் தள்ளி நிற்கும், சரக்கெல்லாம் தோணியில்தான் கரைக்கு வரவேண்டும். ஒன்பது நாளாகக் கச்சான் காற்று வீசி ஒரு தோணியும் போகவில்லை. என் வேலையைத் தின்ற துணி கப்பலில் சுகமாகப் படுத்திருந்தது. எனக்கு வேலை போனதை ஒப்புக்கொள்ள மட்டும் கரையில் ஆளில்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் உபதேசியார் வழக்கம்போல ஜெபக் குறிப்பு கேட்டார். ஒருவருக்கு மூட்டுவலி, இன்னொருவர் மகளுக்குப் பிரசவம். நான் எழுந்து, காற்று அடங்கி, சீமைத் துணி ஒரு பேல் கட்டுகூட நனையாமல் கரை சேரவேண்டும் என்றேன். உபதேசியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "போன மாசம் அந்தத் துணி கடல்ல முங்கணும்னுல்லா ஜெபிக்கச் சொன்னீரு?" என்றார். "அது ஆபீஸ் தொறக்கதுக்கு முந்தி ஐயா" என்றேன். என்னோடு வேலை போன பதினோரு பேரும் கூரை அதிர ஆமென் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காற்று அடங்கியது. தோணிச் சரக்கு இறக்கும் பாலத்துக்கு ஓடினேன். தோணியை நடத்தும் தண்டல் ஹென்றி ஆள் போதாமல் கத்திக்கொண்டிருந்தான். "ஏலே ஜேசுபாதம், வேடிக்க பாக்காத, ஒரு கை குடுத்தா பொழுது சாயுமுன்ன எறக்கிரலாம்" என்றான். சும்மா உள்ளே விடமாட்டார்கள் என்று கூலியாள் ஜாபிதாவில் என் பெயரையும் எழுதிவைத்தான். நங்கூரப் படமும் கீழே டி.ஆர். என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்தும் குத்திய பேல்கள், ஒவ்வொன்றும் எருமைக்கிடா கனம். எவன் சரக்கோ, அவன் கடையைக் கரையான் அரிக்கட்டும் என்று பேலுக்கு ஒரு தடவை மனதாரத் திட்டிக்கொண்டே, ஒன்றுகூட நனையாமல் இறக்கினேன். கூலி நீட்டினான், தொடவில்லை.

மறுநாள் துறைமுகத்தில் சர்டிபிகேட்டு வாங்கிக்கொண்டு சகாய ஆபீசுக்குப் போனேன். அதன் பின்னால் அந்த ஜாபிதாவையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். வன்னியபெருமாள் விரல் வைத்துப் படித்தார். "துணி எறங்கிட்டு, சரி. இதுல நாப்பத்தி மூணாவது பேரு யாரு வே?" "நாந்தான் சார்." "துறைமுகக் கூலின்னுல்லா போட்டிருக்கு? சீமைத் துணி வந்ததுனால ஒமக்கு வேலை கெடச்சிருக்கு வே! போனதுக்குத்தான் சகாயம், கெடச்சதுக்கு நாங்க என்ன செய்ய?" என்று என் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆமென் சொல்லிவிட்டு வீட்டில் மல்லாந்து கிடந்தார்களே பதினோரு பேர், அவர்களுக்கெல்லாம் அதே சர்டிபிகேட்டை வைத்துப் பெயர் பதிந்தாயிற்று.

சென்னைக்கு அப்பீல் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை கஞ்சி குடித்தாலும் குடிப்பேனே தவிர, தங்கள் கடைப் படி ஏறமாட்டேன். அக்காள் கிருபாபாய்க்கு என் அன்பின் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். தங்கள் வியாபாரத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக, சீமைத் துணி நீங்கலாக.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
ஜே. ஜேசுபாதம்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் ஜெபசெல்வி இதை வாங்கிப் படித்தாள். பேல் முத்திரை வருகிற இடத்தில் நிறுத்தி, எழுந்துபோய்த் தங்கள் கடிதம் வந்த உறையை எடுத்துவந்தாள். மூலையில் நங்கூரம், கீழே டி.ஆர். "புதுச் சரக்கு வருதுன்னு அண்ணன் எழுதலியா? அதத்தான் நீங்க சொமந்திருக்கீய" என்றாள். சிரிக்கக்கூட இல்லை, டிரங்குப் பெட்டியில் என் வேட்டிகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். ஆகவே கரையானைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். வருகிற திங்கட்கிழமை முதலாவது பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பேல்களை வேறு யாரும் பிரிக்க வேண்டாம். ஜெபித்து, சுமந்து, கரை சேர்த்தவன் நான். விரித்துக் காட்டவும் நானே வருகிறேன். சாயம் போகுமா போகாதா என்று மட்டும் முன்கூட்டி எழுதுங்கள். பொய் சொல்லி எனக்கு இன்னும் பழக்கமில்லை.