சித்தி வைத்த ஸ்டேட்டஸும் சேறு கழுவிய ஐந்து டிராக்டர்களும்

“உனக்கு எதுக்கும்மா இந்த வண்டி வழக்கெல்லாம்? ரிசப்ஷன்லயே உக்காந்து போன எடு, போதும்.”

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் டிராக்டர் ஷோரூமின் மேனேஜர் தனபால் சார் சொன்னது இது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அதற்குமேல் பி.காம். வேறு. (சான்றிதழை லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.) கோபம் வராதா? அந்தக் கோபத்தில்தான் அரியலூர் ஃபைலைக் கேட்டு வாங்கினேன். வாங்கிய மூன்றாம் நாளே அதைக் கெடுத்ததும் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

புது டிராக்டர் வாங்குகிறவர்கள் எக்ஸ்சேஞ்சில் விட்டுப்போகும் பழைய வண்டிகளை அரியலூரில் ஒரு யார்டில் நிறுத்தியிருந்தோம். மொத்தம் ஐந்து. அவற்றை ஈடாகக் காட்டித்தான் முதலாளி வங்கியில் கடன் வாங்கியிருந்தார். ஐப்பசி மழையில் பக்கத்து ஏரி உடைந்து, யார்டுக்குள் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வண்டிகள் ஸ்டியரிங் வரை முழுகின. இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பை ஒப்புக்கொள்ளாவிட்டால் வங்கி வேறு ஈடு கேட்கும். முதலாளியிடம் மிச்சமிருந்தது அவர் குடியிருந்த வீடு மட்டும்தான்.

இழப்பை மதிப்பிட சர்வேயர் வருவதற்கு முதல் நாள் யார்டுக்குப் போனேன். எருமைகள் குட்டையில் புரண்டு எழுந்து வந்ததுபோல ஐந்து வண்டிகளும் நின்றன. படித்த பெண் பொறுப்பில் இருக்கிற இடம் இப்படியா இருப்பது? வருகிற மனிதர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? செட்டிகுளத்தில் எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட அம்மா வாசல் கூட்டிய பிறகுதான் உள்ளே விடுவாள். எனக்கும் அதே ரத்தம்.

உடனே போனைப் போட்டேன். செட்டிகுளத்திலிருந்து அம்மாவும் மீன்சுருட்டியிலிருந்து அஞ்சலை சித்தியும் மதியத்துக்குள் வந்து இறங்கினார்கள். பாத்திரம் தேய்க்கும் நாரும் சோப்புத்தூளும் கையோடு வந்திருந்தன. நான் ஹோஸ் பிடித்தேன். பொழுது சாய்வதற்குள் வண்டிகள் பளபளத்தன. சித்தி எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாள். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருக்கிறது என்று அம்மா திருப்திப்பட்டாள்.

மறுநாள் காலை சர்வேயர் வந்தார். வண்டிகளைச் சுற்றி வந்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எந்த வண்டிம்மா தண்ணியில முழுகுனது?”

“அஞ்சும்தான் சார்.”

“சேத்தக் காணோமே.”

“கழுவிட்டோம் சார்,” என்றேன் பெருமையாக. (ஆமாம், பெருமையாக. எழுதும்போதே தலையில் அடித்துக்கொள்கிறேன்.)

கழுவுவதற்கு முன் எடுத்த போட்டோ கேட்டார். என்னிடம் இல்லை. அந்தக் கோலத்தைப் படமெடுப்பதே மானக்கேடு என்று நினைத்தவள் நான். வாட்ச்மேனை விட்டு ஒரு வண்டியின் ஆயில் டேங்க் அடி போல்ட்டைக் கழற்றிக் காட்டினேன். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் கொட்டியது. நேற்று நீங்கள் ஹோஸ் வைத்து அடித்த தண்ணீராக இருக்கும் என்றார்.

அதோடு விட்டாரா? ‘நிலை: நன்று. பாதிப்பு சொற்பம்’ என்று எழுதினார். அதற்குக் கீழேயே, மிகப் பழைய வண்டிகள் என்று சொல்லி மதிப்பைப் பாதியாகக் குறைத்தார். அடிபட்டதா என்று கேட்டால் வண்டி புதுசு. என்ன விலை பெறும் என்று கேட்டால் அதே வண்டி கிழடு! ஒரே தாளில், இரண்டு வரிக்குள், ஒரு டிராக்டருக்கு எப்படி இவ்வளவு வயதாகும்? கேட்டேன். கம்பெனி ரூல் அப்படித்தான் என்றார். போனில் தனபால் சார், நான் அன்றைக்கே சொன்னேன் என்று தொடங்கினார். துண்டித்துவிட்டேன்.

நான் ஆபீசர் வேலை செய்வதைப் பார்க்கவென்றே அம்மாவும் சித்தியும் ஊருக்குப் போகாமல் தங்கியிருந்தார்கள். வாட்ச்மேன் கொட்டகைப் பக்கமிருந்து சித்தி விறுவிறுவென்று வந்தாள்.

“ஏங்க சார், சேறே இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் நேத்து எதைங்க தேய்ச்சோம்? தோள்பட்ட கழண்டு போச்சு. அதுக்கு ஏதும் ரூல் வச்சிருக்கீங்களா?”

சொல்லிவிட்டுத் தன் போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். வாட்ஸ்அப்பில் முதல் நாள் அவள் வைத்த ஸ்டேட்டஸ் வீடியோ. (சித்தியின் ஸ்டேட்டஸ் கண்ணில் படாதபடி நான் மறைத்து வைத்து ஒரு வருஷம் ஆகிறது. பட்டதாரி கௌரவம்.) குத்துப்பாட்டு அலற, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சேறு அப்பிய ஒவ்வொரு டிராக்டர் மீதும் ஏறி நின்று, ஓட்டுக் கேட்க வந்தவள்போல் சித்தி கைகாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங் வரை வண்டல். பின்னால் நம்பர் பிளேட்டுகள். கழுவத் தொடங்குவதற்கு முன் எடுத்தது. சர்வேயர் அதைப் பாட்டோடு இரண்டு முறை பார்த்தார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, வண்டிகளை ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்க்கலாம் என்றார்.

பிரித்தால் உள்ளே எல்லாம் வண்டல். மதிப்புச் சண்டையை நான் விடவில்லை. அதே வயது வண்டிகள் விற்ற ரசீதுகளைத் துறையூர் வரை அலைந்து திரட்டி, கம்பெனி மேஜையில் வைத்தேன். நான்கு வண்டிகளுக்குச் சந்தை விலையை ஏற்றுக்கொண்டார்கள். முதலாளியின் வீடு தப்பியது. ஐந்தாவதுக்கு மட்டும் ஆதாரம் இல்லையாம். அதில் மட்டும் பின்பக்கக் கொக்கியில் ஏறி நின்றதால், நம்பர் பிளேட்டை வீடியோவில் சித்தியின் முதுகு மறைத்துவிட்டது.

கம்பெனி அனுப்பிய அறிக்கையை வாசித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது. சித்தியின் படத்தை அச்சிட்டு, கீழே இப்படிப் போட்டிருந்தார்கள்: ‘வாகனத்தின் மீது அடையாளம் தெரியாத பெண்.’

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் சித்தியை, “வாங்க, அடையாளம் தெரியாத பொம்பள” என்றுதான் கூப்பிடுகிறார்கள். பந்தியில் இலை போடும்போதுகூட, “இவங்க யாருன்னு தெரியலயே, சோறு போடலாமா?” என்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். சித்தி சிரிப்பதில்லை.

“எங்க ஊரு நாய்க்குக்கூட என்னைத் தெரியும்டி,” என்றாள் என்னிடம்.

நேற்று, ஐந்தாவது வண்டியை மறுபடி மதிப்பிட வேறு சர்வேயரை அனுப்பக் கேட்டு மனு எழுதினேன். அதே படத்தை ஒட்டி, கீழே என் கையால் எழுதினேன்: ‘இதில் இருப்பவர் அஞ்சலை, மீன்சுருட்டி. என் சித்தி. அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பது எங்கள் ஐந்தாவது வண்டி.’ தனபால் சாரிடம் காட்டவில்லை. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன்.