கை கழுவப் போன சம்பந்தி

"பில்லு எங்க தம்பி?" என்று சர்வரைக் கேட்டார் அருணகிரி. அவருடைய வலது கை சட்டைப் பைக்குள் போய், கார்டின் மேல் விரலை வைத்துத் தயாராக இருந்தது.

"கட்டியாச்சுங்க சார். அந்த மீசைக்காரர் கட்டிட்டாரு."

மீசைக்காரர் துண்டில் கையைத் துடைத்தபடி குழாய்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். பெயர் மணியன். ஜேடர்பாளையத்தில் கரும்பும் வாழையும் போட்டிருக்கும் பெரிய விவசாயி. மாப்பிள்ளை மதனின் அப்பா. இன்னும் ஒரு மாதத்தில் அருணகிரியின் மகள் இலக்கியாவுக்கு மாமனார்.

"என்னங்க சம்பந்தி இது? நான் குடுக்கறேன்னு சொன்னனில்லீங்க?"

"அட, இருக்கட்டுமுங்க. கை கழுவப் போனேன். அப்பிடியே குடுத்துட்டு வந்துட்டேன்."

மாப்பிள்ளை வீட்டுக்காரரே ஆறு பேருடைய டிபனுக்கும் காசு கொடுத்தால் பெண்ணைப் பெற்றவன் பூரித்துப் போக வேண்டும். அருணகிரிக்கோ அது பிடிக்கவில்லை. காரணம், அன்றைக்குத் தேதி ஏப்ரல் முப்பது.

அருணகிரிக்குச் சங்ககிரியில் லாரி உதிரிபாகக் கடை. அவர் மனைவி நல்லம்மாள் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் ஒரே ஒரு ஆசைதான் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவையாவது விமானத்தில் ஏற வேண்டும், அதுவும் சன்னல் ஓரமாக. வானத்தில் சத்தம் கேட்டால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவாள். போன வருஷம் மச்சினன் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், பந்தியில் அத்தனை பேர் முன்னால், "உங்கக்காவ நான் பிளேன்ல கூட்டிட்டுப் போறேன்டா" என்று அருணகிரி வீராப்பாகச் சொல்லிவிட்டார். நல்லம்மாள் மறுநாளே சக்கரம் வைத்த பெட்டி வாங்கிவிட்டாள்.

காசு கொடுத்து டிக்கெட் எடுத்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் பத்து மாதம் பாடுபட்டாவது ஒன்றை ஓசியில் வாங்குவதில் இருக்கும் சுகம் அருணகிரிக்கு வேறெதிலும் கிடையாது.

எனவே அவர் கிரெடிட் கார்டு பார்க்க ஆரம்பித்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்தார். ஒரு கார்டு சினிமா டிக்கெட் கொடுத்தது. ஒன்று கோல்ஃப் மைதானத்தில் இலவசமாக ஆடலாம் என்றது. சங்ககிரி மலைக்கோட்டை மேல் ஏறி ஆடினால்தான் உண்டு என்று அதைத் தள்ளினார். கடைசியில் ஒரு நீல நிறக் கார்டு வாய்த்தது. வருஷத்துக்குள் இரண்டு லட்சம் தேய்த்தால் இரண்டு பேருக்கு விமானத்தில் போக வர டிக்கெட்.

"எங்க வேணாலும் தேய்க்கலாமுங்க, ஒலகம் பூரா எடுத்துக்குவாங்க" என்றார் கார்டு விற்க வந்தவர்.

உலகம் பூரா எடுத்துக்கொண்டது. சங்ககிரிதான் எடுத்துக்கொள்ளவில்லை. டயர்க் கடையில், "அட்டையெல்லாம் வேண்டாங்கண்ணா, ஸ்கேன் பண்ணிருங்க" என்றார்கள். அரிசி மண்டியில் சிரித்தார்கள். கல்யாண மண்டபத்தில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொக்கமா குடுங்க" என்றார்கள். டீசல் பங்கில் மட்டும் ஆசையாக வாங்கித் தேய்த்தார்கள். டீசல் போடுவது கணக்கில் சேராது என்று பொடி எழுத்தில் இருந்ததை அருணகிரி ஆறு மாதம் கழித்துத்தான் படித்தார்.

இன்னும் முப்பத்தெட்டாயிரம் பாக்கி. கெடு இன்றோடு சரி.

கல்யாண ஜவுளி எடுப்பதைத்தான் அவர் மலைபோல் நம்பியிருந்தார். ஜோசியருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து, "முப்பதாம் தேதிய உட்டா அப்புறம் பொடவை எடுக்க நாளே நல்லா இல்ல" என்று சொல்ல வைத்தார். மணியனிடம் அதைத் தயங்கித் தயங்கிப் போனில் ஆரம்பித்தபோது அவர் முடிக்கவே விடவில்லை. "எங்க ஜோசியரும் அதேதானுங்க சொன்னாரு! முப்பதுதான்!" என்றார். ஜாதகப் பொருத்தத்தைவிட இந்தப் பொருத்தம்தான் அருணகிரிக்கு அன்று இனித்தது.

டிபன் முடிந்து போன ஜவுளிக் கடையில் முகூர்த்தப் புடவை இருபத்தெட்டாயிரத்துக்கு அமைந்தது. அருணகிரி துள்ளி எழுந்தார்.

"மொகூர்த்தப் பொடவைய நானே எடுத்துடறேனுங்க சம்பந்தி."

விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண் புடவையைக் கீழே போட்டாள். மணியனின் மனைவி சாலம்மாள் வாயில் கை வைத்தார். அந்த அம்மாள் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லம்மாள் கணவரின் இடுப்பில் கிள்ளினாள்.

"பொண்ணூட்டுக்காரங்க மொகூர்த்தப் பொடவை எடுக்கற வழக்கம் எந்த ஊர்லீங்க இருக்குது?" என்றார் மணியன். சொல்லிக்கொண்டே கல்லாப் பக்கம் வெசையாக நடந்துவிட்டார்.

சரி, மாப்பிள்ளைக்குத் துணி எடுப்பது பெண் வீட்டு உரிமை. அதை யாரும் பறிக்க முடியாது. பட்டு வேட்டி, சட்டை, கோட்டு சூட்டு என்று பதினாறாயிரம் சேர்த்துவிட்டு, அருணகிரி கார்டை நீட்டினார். கல்லாவில் இருந்த தேவிப்ரியா என்ற பெண் மெஷினை ஆட்டிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், தலைக்கு மேல் தூக்கியும் பார்த்தாள்.

"மூணாவது மாடில சிக்னல் எடுக்க மாட்டேங்குது சார். கீழ போய்த் தேய்ச்சுட்டு வந்துருங்களேன்."

லிப்டில் கூட்டம். அருணகிரி படியில் இறங்கி ஓடினார். கீழ்க் கல்லாவில் பில் நம்பரைத் தட்டிப் பார்த்த பையன் தலையை ஆட்டினான்.

"இது மேலயே கட்டியாச்சே சார்."

மூச்சு வாங்க மேலே வந்தால் தேவிப்ரியா சந்தோஷமாகச் சொன்னாள்: "நீங்க எறங்குனதும் சிக்னல் வந்துருச்சு சார். பெரியவர் கட்டிட்டாரு."

"என்ற பையனுக்குத்தானுங்க? யார் எடுத்தா என்ன?" என்றார் மணியன் அடக்கமாக.

அருணகிரிக்கு அழுகை வந்தது. வேறு வழியில்லாமல் மனைவியைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நீயும் ஒரு பட்டு எடு. பதினாலு, பதினஞ்சுக்குப் பாரு."

"பதினாலு நூறுங்களா?"

"ஆயிரம்!"

நல்லம்மாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும், மனம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டுமென்று ஓடினாள். அருணகிரி கல்லாவுக்கு முன்னால் காலை அகட்டி வைத்து நின்றுகொண்டார். மணியன் எதிரிலேயே நாற்காலியில் இருந்தார். தப்பிக்கவே முடியாது.

ஆனால் பில் சீட்டு வரவில்லை. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் நாற்காலி காலி. புடவை மடித்துக் கொடுக்கும் இடத்திலேயே சாலம்மாள் சீட்டை வாங்கி, சத்தமில்லாமல் கணவரிடம் கொடுத்து, அவர் இரண்டாம் மாடியில் போய்க் கட்டிவிட்டிருந்தார். பேசாத மனுஷிதான், ஆனாலும் என்ன உபசாரம்!

நல்லம்மாள் கணவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"சம்பந்தி காசுல நான் பட்டுக் கட்டறதா? மண்டபத்துல நாலு பேர் கேட்டா மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? நீங்க ஏன் ஒரு எடத்துலயும் காசை எடுக்காம நிக்கறீங்க?"

"எடுக்க உட்டாத்தானே!"

வெளியே வந்ததும் தள்ளுவண்டியில் டீ குடித்தார்கள். ஆறு டீ, தொண்ணூறு ரூபாய். வண்டிக்காரர் கையை நீட்டினார். அருணகிரிக்கு இதில் ஒரு பிரயோஜனமும் இல்லாததால் வானத்தைப் பார்த்தார். வழக்கமாகப் பாய்ந்து விழும் மணியனும் என்னவோ வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் காமலாபுரம் விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று தாழப் பறந்தது. நல்லம்மாள் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். சாலம்மாளும் பார்த்தார்.

டீக்கு நல்லம்மாள்தான் சுருக்குப்பையை அவிழ்த்தாள். பெரிய மனுஷனுக்குச் சில்லறைக் காசு கண்ணுக்கே தெரியாது போல என்று அருணகிரி மணியனை மெச்சிக்கொண்டார்.

மத்தியானம் மெஸ்ஸில் கறிச்சோறு சாப்பிடலாம் என்றாள் நல்லம்மாள். "அங்கெல்லாம் வேண்டாமுங்க, பெரிய ஏசி ஓட்டலாப் பாத்துப் போலாம்" என்றார் மணியன். பெரிய ஓட்டலில் மெஷின் இருக்கும் என்பதால் அருணகிரியும் பலமாகத் தலையாட்டினார். இந்தத் தடவை அவரே முந்திக்கொண்டு, இலை போடுவதற்கு முன்னாலேயே கை கழுவப் போகிற சாக்கில் கல்லாவுக்குப் போனார்.

"அந்த டேபிளுக்கு முன்பணமே வாங்கியாச்சுங்க சார்" என்றார் கல்லாக்காரர். "மீசை வெச்ச ஐயா, உள்ள நுழையும்போதே."

இந்த மனுஷன் எத்தனை தடவைதான் கை கழுவுவார்!

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கடை. மாப்பிள்ளை மோதிரம். நாற்பத்தோராயிரம் ரூபாய். இது போனால் விமானம் போச்சு, புதுப் பெட்டி பரணுக்குப் போச்சு, மச்சினன் ஆயுசு முழுக்கச் சிரிப்பான். எல்லாவற்றையும்விட, நல்லம்மாள் ஒன்றுமே சொல்ல மாட்டாள். "பரவால்லீங்க" என்று மட்டும் சொல்வாள். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

நகைக்கடைக்காரர் பில்லைக் கிழித்ததும் இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். முதலில் நடந்தார்கள். பிறகு வேகமாக நடந்தார்கள். வெள்ளிக் கொலுசுப் பகுதியைத் தாண்டியதும் வெட்கத்தை விட்டு ஓடினார்கள். காவல்காரர் திருடர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்.

கல்லாவில் இருந்த மெஷினை அருணகிரி கார்டு வைத்திருந்த கையால் பிடித்துக்கொண்டார். சட்டைக்குள் போன மணியனின் மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டார்.

"கைய வெளிய எடுக்காதீங்க சம்பந்தி!"

"அட உடுங்க சம்பந்தி, நான் குடுக்கறேன்!"

"முடியாதுங்க!"

"உடுங்கன்னா!"

"அப்பா!" என்று மதனும் இலக்கியாவும் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். கடையே திரும்பிப் பார்த்தது. நல்லம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அருணகிரி உடைந்துபோனார்.

"சம்பந்தி, உங்க கால்ல வேணாலும் உழறேன். நீங்க தங்கமான மனுஷன். உங்க பெருந்தன்மைக்கு முன்னால நான் தூசிங்க. நான் மருவாதிக்காகச் சண்டை போடலீங்க. இன்னைக்கு ராத்திரிக்குள்ள இந்தக் கார்டுல முப்பத்தெட்டாயிரம் தேய்க்கலீன்னா, இவளுக்குப் பிளேன் டிக்கெட்டு கெடைக்காதுங்க. இருவத்தாறு வருசமாக் கேக்கறாளுங்க. ஜோசியர் சொன்னாருன்னு சொன்னதுகூட நான் சொல்ல வெச்சதுதானுங்க!"

நல்லம்மாள் முந்தானையை மெல்ல இறக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

மணியன் அருணகிரியின் கையில் இருந்த நீலக் கார்டைப் பார்த்தார். நல்லம்மாளைப் பார்த்தார். திரும்பித் தன் மனைவியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, சட்டைக்குள் இருந்த கையை வெறுங்கையாக வெளியே எடுத்தார்.

"தேய்ங்க சம்பந்தி" என்றார்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று வியந்தபடியே அருணகிரி கார்டைத் தேய்த்தார். மெஷின் ஒரு தடவை யோசித்தது. பிறகு சீட்டைத் துப்பியது. அவர் போன் டிங்கென்றது. வாழ்த்துக்கள், இரண்டு டிக்கெட்டுகள் உங்களுக்கே.

"சன்னலோரத்து சீட்டுங்களா?" என்று கேட்டாள் நல்லம்மாள். அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையிலிருந்து வாயே திறக்காத சாலம்மாள், அப்போதுதான் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏனுங்க, அப்ப நம்ம பிளேனு?"