மைக் அண்ணன் வாசித்த வசவுகள்

உலகத்திலேயே இணையத்தை வாயால் நடத்திய ஒரே மனிதர் எங்கள் மைக் அண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் உட்கார்ந்த கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கரே தேவைப்பட்டதில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் இலங்கை மலைநாட்டின் பதுளை பசாரில் ஒரு நெட் கஃபே வைத்திருந்தேன். பலகைத் தடுப்புகளுக்கு நடுவே நாலைந்து கம்ப்யூட்டர்கள். கூடவே, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பாடத்தில் சந்தேகம் கேட்க ஓர் இணைய மன்றமும் நடத்தினேன். கோயில் திருவிழாக்களில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்வது அண்ணனின் தொழில். திருவிழா இல்லாத நாட்களில் தன் ஊர் நமுனுகுல பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். மன்றத்துக்கு அவர்தான் காவல்.

படிப்பதையும் எழுதுவதையும் உரக்கச் சொல்லாவிட்டால் அவருக்கு விரல் ஓடாது. யாராவது திட்டி எழுதினால் கடையே கேட்கும்.

"அடுத்ததாக, பெயர் சொல்ல விரும்பாத அன்பர் ஒருவர் என்னை மொட்டை எருமை என்று அழைத்திருக்கிறார். அன்னாருக்கு நன்றி!"

உபயகாரர் பெயர் வாசிக்கிற அதே ராகம்.

ஒருவன், "மொனராகலைக்கு வா, பல்லைப் பேத்துடுறேன்" என்று எழுதினான். அண்ணன் மறுநாளே அவனுக்குக் கொடுக்கப் பனிஸ் ரொட்டிப் பார்சலோடு பஸ் ஏறிவிட்டார். பொழுதுசாய, வெயிலில் கறுத்துத் திரும்பினார்.

"வரலப்பா. பாவம், பஸ் கெடைக்கலயோ என்னமோ" என்றார். பனிஸை நாங்கள் தின்றோம்.

அப்புறம்தான் 'உண்மைவிளம்பி' என்ற பெயரில் ஒருவன் வந்து சேர்ந்தான். பெரகல பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பூரணம் டீச்சர் மன்றத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பார். வேறு விஞ்ஞான டீச்சரே கிடைக்காத பிள்ளைகள் அவரைத்தான் நம்பியிருந்தார்கள். சாதாரணதரப் பொதுப் பரீட்சை நெருங்கிய நேரம். இந்தப் படுபாவி, தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீடுகளைக் குத்திக்காட்டி, அவருக்குக் கீழே, "லயத்துப் பிள்ளைகளுக்கு எதுக்கு விஞ்ஞானம்? கொழுந்து கிள்ளப் பரீட்சையா வைக்கிறாங்க?" என்று தினமும் எழுதினான். அழித்தால் வேறு பெயரில் வந்தான். டீச்சர் ஒருநாள், "இனி எழுதமாட்டேன், மன்னியுங்கள் பிள்ளைகளே" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே முழங்கினார்: "டீச்சரம்மா மேல… அப்படி என்ன… கோவம் தம்பி…"

அவர் இன்னும் அனுப்பவே இல்லை. திரையில் உண்மைவிளம்பியின் பதில் வந்து விழுந்தது: "கோவம் இல்ல, சும்மா தமாசு!"

அண்ணன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாக எழுந்து பலகைக்கு மேலாகப் பக்கத்துக் கூண்டை எட்டிப் பார்த்தார். அங்கே டை கட்டிய இளைஞன் ஒருவன், கந்தோர் எனும் ஆபீசில் உத்தியோகம், என் அன்றாட வாடிக்கையாளன்!

நான் கை ஓங்கிக்கொண்டு ஓடினேன். அண்ணன் தடுத்துவிட்டார்.

"இருங்கப்பா. தம்பி, நீங்க எழுதுனத நீங்களே சத்தமா வாசிங்க. கடையில எல்லாருக்கும் கேக்கட்டும்."

"லயத்துப் பிள்ளைகளுக்கு…" என்று ஆரம்பித்தவனுக்குக் குரல் எழும்பவில்லை.

அண்ணன் குரலை இறக்கிக் கேட்டார். அவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

"எந்தத் தோட்டம் தம்பி?"

மலைநாட்டில் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி. அவன் தலை கவிழ்ந்தது.

"நமுனுகுல பக்கம்தாண்ணே. லயத்துலதான் பொறந்தேன். கந்தோர்ல யாருக்கும் தெரியாது."

"அட, நம்ம புள்ளையா!" என்று அண்ணன் அவன் தோளில் கைபோட்டார். "அப்ப டீச்சரம்மாவுக்கு நீங்களே எழுதுங்க. சொந்தப் பேர்ல, தோட்டத்துப் பேரும் போட்டு. எழுதுறப்பவே வாய்விட்டுச் சொல்லுங்க. வாயில வராததக் கையால எழுதக் கூடாது."

அவன் அழுதுகொண்டே வாசித்து வாசித்து எழுதினான். மூன்றாம் நாள் டீச்சர், "சரி பிள்ளைகளே, ஒளித்தொகுப்பில் எங்கே விட்டோம்?" என்று வந்தார். அண்ணன் அதைத் தேர் புறப்பாடு போல அறிவித்தார். எதிர்க்கடை முதலாளி என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார்.

அண்ணன் இல்லாத இப்போது, நான் இணையத்தில் எழுதுவதற்குக் கீழேயும் கண்டபடி திட்டுகிறார்கள். எல்லாமே என் காதில் அண்ணனின் குரலில்தான் கேட்கிறது. கோபமே வருவதில்லை. "அன்னாருக்கு நன்றி" என்று முடிகிற இடத்தில் மட்டும், பாழாய்ப்போன மனுஷன், கண் கலங்க வைத்துவிடுகிறார்.