பள்ளத்தில் கிடக்கும் ஜீப்புக்கு ஒரு கணக்கு

குன்னூர் பஜாரில் பேய்க்கே கணக்குப் போட்டுக் கொடுத்த ஒரே மனிதர் ஆர்.பி.எம். அண்ணன்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பக்கத்தில் நின்று நடுங்கியவன் நான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று பஜாரில் யாருக்கும் தெரியாது. என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கேட்காமல் எந்த வண்டியையும் பார்க்க மாட்டார். அதனால் ஆர்.பி.எம். பழைய ஜீப், வேன்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடை அவருடையது. கடைக்கு மேலே மாடி அறையில், வங்கி குமாஸ்தாவான நான் வாடகைக்கு இருந்தேன். வியாபாரம் அவருக்கு இரண்டாம் பட்சம்தான். உயிரெல்லாம் அவரே உட்கார்ந்து கட்டிய இணையதளத்தில் இருந்தது. டயரை மாற்றினால் ஸ்பீடோமீட்டர் எவ்வளவு பொய் சொல்லும், எந்த கியரில் என்ன வேகம் போகலாம், இவ்வளவு பாரத்தோடு இந்தச் சரிவில் இறங்கினால் பிரேக் தாங்குமா என்று எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டமாக இடம் வைத்திருந்தார். எண்களைப் போட்டுத் தட்டினால் தமிழில் விடை வரும்.

டீக்கடையில் நான் "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா" என்றால், கொஞ்சம் என்றால் எத்தனை கிராம் என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா தன் காரின் மைலேஜைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொல்லியிருக்கிறார். இவர் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மலையேறும் வண்டிக்கு அது நடக்காத காரியம் என்று கைபேசியிலேயே நிரூபித்துக் காட்டினார். சம்பந்தம் அத்தோடு போயிற்று. போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. அந்த மனிதர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லையே என்றுதான் மாதக்கணக்கில் புலம்பினார்.

ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் தளத்தில் ஏதோ தப்பு இருப்பதாக எழுதிவிட்டார். அண்ணன் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தவர், தப்பில்லை என்று பக்கம் பக்கமாகப் பதில் அனுப்பிய பிறகுதான் சாப்பிட்டார்.

"என்ற கணக்குல தப்பு வராதுங்க சார். வந்துச்சுன்னா கடையக் காலி பண்ணீட்டு மேட்டுப்பாளையம் போயிருவேன்."

சமவெளிக்கு இறங்குவதைவிடப் பெரிய தண்டனை அவருக்குத் தெரியாது.

கடைக்கு வரும் வண்டி எதுவாக இருந்தாலும் தளத்தின் முகவரி போட்ட ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவார். கிளட்ச் பிளேட் வாங்க வந்த அமரர் ஊர்தியையும் விடவில்லை. இதில்கூடவா என்று கேட்டேன். அதுவும் மலையில் இறங்குகிற வண்டிதானே என்றார்.

யாராவது தளத்தில் கணக்குப் போட்டால் கடைக் கணினியில் ஹாரன் அடிக்கும். அந்தக் காலத்து ரப்பர் பந்து ஹாரன் சத்தம். போட்ட எண்கள் திரையில் வரும், ஆள் யாரென்று தெரியாது. அந்தச் சத்தம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரு ஜூலை மாத மத்தியானம், பனிமூட்டம் இறங்கி எதிர்க்கடை மறைந்த நேரத்தில் ஹாரன் அடித்தது. பிரேக் கணக்கு. மூன்றாவது கியர், ஐந்து பேர் பாரம். 'நிற்காது' என்று விடை போயிற்று. உடனே மறுபடி ஹாரன், அதே எண்கள், இரண்டாவது கியர். 'நிற்கும்.' அடுத்த பனிமூட்டத்திலும் அதே எண்கள் வந்தன. வெயில் அடிக்கும் நாளில் வராது. மேகம் இறங்கினால் தவறாமல் வரும். ஒருநாள் ஊர் முழுக்கக் கரண்ட் போய், கடையில் பேட்டரியில் ஓடிய கணினியின் வெளிச்சத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோதும் அந்த ஹாரன் அடித்தது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், இந்த டயர் அளவு இப்ப எங்கயுமே விக்கறதில்லைங்க. இந்தப் பக்கம் ஒரே ஒரு ஜீப்புக்குத்தான் இது இருந்துச்சு. கட்டபெட்டு பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஜீப்பு. நாந்தான் டயர் குடுத்தேன்."

"அந்த ஜீப் இப்ப எங்கே?"

"பள்ளத்துல கெடக்குதுங்க. போய்ப் பல வருசமாச்சு. ஆளுக ஒருத்தரும் மிஞ்சலைன்னு கேள்வி."

அன்று மாடிக்குத் தனியாகப் போக மறுத்து, வால்வுப் பெட்டிகளுக்கு நடுவே படுத்தேன். அண்ணனோ பயப்படுகிற வழியாக இல்லை. விடைக்குக் கீழே 'நீங்க யாருங்க?' என்று ஒரு கேள்வியும் பதில் எழுத ஒரு கட்டமும் சேர்த்தார். அடுத்த பனிமூட்டத்தில் ஹாரன் அடித்தது. கட்டத்தில் இரண்டே சொற்கள்: 'ரங்கசாமி. டிரைவர்.'

அண்ணன் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த ஜீப்பை ஓட்டியவர் பெயர் அதுதானாம். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நான் ஏன் பின்னால் ஏறினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கட்டபெட்டில் டீக்கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். ரங்கசாமி உயிரோடுதான் இருக்கிறார், தேயிலைப் புதரில் தூக்கி வீசப்பட்டதால் பிழைத்தார், பிறகு வேலைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியிலும் ஏறியதில்லை, கோத்தகிரிக்குக்கூட நடைதான் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தேயிலைச் சரிவின் ஓரத்து வீட்டில், வாசல் தெரியாத பனிமூட்டத்துக்குள், கம்பளி போர்த்திக்கொண்டு கைபேசியோடு உட்கார்ந்திருந்தார் ரங்கசாமி. யாருடைய சாவுக்கோ வந்த அமரர் ஊர்தியின் பின்கண்ணாடியில் தளத்தின் முகவரியைப் பார்த்தாராம். விபத்து நடந்ததும் இப்படியொரு மேகத்தில்தானாம், அது இறங்கினால் கை தானாகக் கைபேசிக்குப் போகிறது என்றார். நாங்கள் யாரென்று சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மூணுல வந்தேனுங்க. எறக்கம் பூரா பிரேக்குலயே வந்தேன். ரெண்டுல போட்டிருந்தா நின்னிருக்கும்னு உங்க கணக்கு சொல்லுது. நெசந்தானுங்களா? எந்தம்பியும் அதுல இருந்தான்."

எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், அப்போதுதான் பிரேக் சூடேறிக் கைவிடாது என்பது இந்த மலையில் ஸ்டியரிங் பிடிக்கிற எல்லோருக்கும் முதல் பாடம். அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்கும் தெரியும். கல்யாணத்தையே விட்டவர், கணக்கை விடுவாரா? வாயைப் பொத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அண்ணன் அவர் கைபேசியை வாங்கி, திரையில் இருந்த எண்களைப் பார்த்தார்.

"அந்தக் கணக்குல ஒரு தப்பு இருக்குதுங்ணா. ஊட்டுக்குப் போய்த் திருத்தறேன். நாளைக்குப் போட்டுப் பாருங்க."

கடைக்குத் திரும்பியதும் அண்ணன் கணினி முன்னால் உட்கார்ந்தார். மறுநாள் மேகம் இறங்கியது, ஹாரன் அடித்தது. மூன்றாவது கியர், நிற்காது. இரண்டாவது, நிற்காது. முதல் கியர், அதுவும் நிற்காது. அதன் கீழே புதிதாக ஒரு வரி: 'இந்த வண்டியை யார் ஓட்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.'

அப்புறம் ஹாரன் அடிக்கவில்லை. தப்பு எங்கே இருந்தது என்று அண்ணனைக் கேட்டேன்.

"தப்பு இல்லைங்க சார். இனிமேத்தான் இருக்குது."

வேறு யாராவது அந்த எண்களைப் போட்டால் என்ன ஆவது என்றேன். அந்த டயர்தான் உலகத்திலேயே கிடையாதே என்றவர், பியரிங்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சில நாள் கழித்து, எதிர்க்கடை தெரியாத ஒரு மத்தியானம், ரங்கசாமி கடை வாசலில் வந்து நின்றார். நனைந்திருந்தார். பஸ்ஸில் வந்தாராம். எதுவும் வாங்கவில்லை. மூவரும் டீ குடித்தோம். சர்க்கரை எத்தனை கிராம் என்று அண்ணன் அன்று யாரையும் கேட்கவில்லை.

எனக்கு மாற்றலாகி இறங்கி வந்தாயிற்று. பனிமூட்டமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு சில மத்தியானங்களில் அந்த எண்களை நான் தட்டிப் பார்க்கிறேன். கடையில் ஹாரன் அடிக்கும், அண்ணன் திரும்பிப் பார்ப்பார், நான்தான் என்று அவருக்குத் தெரியும். தப்பு அப்படியே இருக்கிறது. அவர் மேட்டுப்பாளையம் போகவில்லை. போகிறேன் என்று கிளம்பியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.