கிட்டங்கிக்குப் போன கொத்தவரை

என் மகள் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் கொத்தவரங்காயைப் பறித்து நுனி கிள்ளித் தருவது வரைதான் என் வேலை. வெந்நீரில் ஒரு கொதி விட்டு, ஈரம் போகத் துடைத்து, பையில் கட்டி ஃப்ரீசருக்குள் வைப்பது அவள் வேலை. அந்தக் கதவைத் தொட எனக்கு அனுமதி இல்லை. நியாயம்தான். காயைப் பதப்படுத்துவதில் கடல் தாண்டிப் பெயரெடுத்தவள் நான்.

கல்யாணமான ஐந்தாம் மாதமே என் வீட்டுக்காரர் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே ஒரு செட்டியார் கடையில் வேலை. கடை ஆட்கள் சேர்ந்து தங்கிச் சாப்பிடும் கிட்டங்கியில் சுத்த சைவச் சமையல். முதலில் மாதம் இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்று, அதுவும் என் மாமியார் பெயருக்கு. என்னை மறந்தேவிட்டாரோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் வருஷம் ஒரு கடிதத்தின் ஓரத்தில் எனக்கென்று ஒரு வரி: 'நீ போட்ட கொத்தவரை வத்தல் தின்ன ஆசையாக இருக்கிறது.' அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். (மடிப்போடு கிழிந்தே போயிற்று.)

அடுத்த தெருக்காரர் ஒருவர் நான்காம் நாள் பினாங்கு கிளம்புவதாகத் தெரிந்தது. கொத்தவரைச் செடிகளைப் பிஞ்சு முற்றல் பார்க்காமல் மொட்டையடித்தேன். உப்புப் போட்டு அரைவேக்காடு வேகவைத்தேன். ஆனால் எங்கள் முற்றம் முழுக்கப் புளியமர நிழல். வத்தல் காய ஒரு வாரமாவது ஆகும்.

அடுத்துப் போகிற ஆளிடம் கொடுத்துவிடலாம் என்றார் மாமியார். அது வரை யார் பொறுப்பது? எங்கள் ஊர் கட்டுமாவடி. கடற்கரையில் நெத்திலி இரண்டே நாளில் சுக்காகக் காய்வதைத் தினமும் பார்க்கிறவள் நான். கருவாடு காயப்போடும் அக்காவிடம் கெஞ்சி, அவர் பாயிலேயே ஒரு ஓரம் வாங்கினேன்.

"வாடை ஏறிக்கிரும் தங்கச்சி," என்றார் அவர்.

காய்ந்ததும் முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. மாமியாரும் முகர்ந்துவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார். (பிறந்ததிலிருந்து அதே காற்றைக் குடித்த இரண்டு மூக்குகள். வேறென்ன சொல்லும்?)

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சமையல்காரர் வத்தலை எண்ணெயில் போட்டதுமே கிட்டங்கி மொத்தமும் தெருவுக்கு ஓடியதாம். கருவாடு கொண்டுவந்தது யார் என்று பெரிய விசாரணை. சட்டியைத் தூக்கி எறிந்து, அடுப்பை மெழுகி, இவருக்கு ஒரு மாதம் வாசலில் இலை போட்டார்களாம். கடிதத்தைப் படிக்கக் கேட்டு எங்கள் தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது. நான் கொல்லைக்குப் போய் அழுதேன். மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நாறடித்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதுவதற்குள் அங்கே யுத்தம் வந்துவிட்டது. கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. நான்கு வருஷம் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. வருஷம் தவறாமல் கொத்தவரை விதைத்தேன், வத்தல் மட்டும் போடவில்லை.

சண்டை ஓய்ந்து, பாதி ஆளாக வந்து சேர்ந்தார். வந்ததும் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு துணி முடிச்சை என் கையில் வைத்தார். உள்ளே ஒரு பிடி வத்தல், கறுத்துப்போய்.

"எல்லாத்தையும் கொட்டச் சொன்னாங்க. இதை மட்டும் ஒளிச்சு வச்சுக்கிட்டேன்."

"சோத்துக்கில்லாம கெடந்தப்பக் கூடவா திங்கல நீங்க?"

"தின்னா தீந்துருமே. மோந்து பாத்தா ஊரு வரும். நீயும் வருவ."

முகர்ந்து பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

இன்றைக்கும் வீட்டில் மீன் வறுத்தால், "கிட்டங்கியைக் காலி பண்ணுங்க!" என்று மருமகன் சத்தம் போடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பை ஆரம்பித்துவைக்க என் வீட்டுக்காரர்தான் இல்லை, போய்ப் பல வருஷமாகிவிட்டது.

போன வாரம் மகள் வெளியே போயிருந்தபோது ஃப்ரீசரைத் திறந்து, ஒரு கொத்தவரைப் பையின் கட்டை அவிழ்த்து மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்னும் அவள் கண்டுபிடிக்கவில்லை.